அக்கா கடிதமும் அமைச்சர் கடிதமும்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. படியேறும்போது மட்டும் முழங்கால் முணுமுணுக்கிறது. நீயும் அத்தானும் நலமா? முதலிலேயே வரிசை போட்டுவிட்டால்தான் எனக்குக் கை ஓடும். ஆகவே, இந்தக் கடிதத்தில் நான்கு விஷயங்கள்:

1. உன் கடிதம் கிடைத்தது.
2. உங்கள் தெருவின் மனுவில் நான் வாக்களிக்கப் போவதில்லை.
3. உன் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுக்கோப்பில் வைத்துவிட்டேன். விதி அப்படித்தான் கேட்கிறது.
4. என்மேல் கோபப்படாதே.

முதலாவது. அத்தான் வீட்டில் மூச்சு மெஷினை நம்பி இருக்கிறார். மின்தடை வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆக்சிஜன் சிலிண்டர் வரவழைத்து வைத்துக்கொள்ளலாம். இதுவரை மின்சாரக் கம்பெனி இப்படிப்பட்ட வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவந்தது. இனி இணையதளத்தில் போட்டால் போதும் என்கிறது. அதை எதிர்த்து நீங்கள் ஆணையத்திடம் மனு கொடுத்திருக்கிறீர்கள். எனக்குத் தனியாக, "நீ அங்கேதானே உட்கார்ந்திருக்கிறாய், பார்த்துச் செய்" என்று எழுதியிருக்கிறாய். புரிந்தது.

இரண்டாவது. ஆணையத்தில் தலைவியோடு சேர்த்து நாங்கள் ஐந்து உறுப்பினர்கள். மனுதாரர்களில் ஒருத்தி என் உடன்பிறந்தவள் என்றால் அந்த விசாரணையில் எனக்கு இடமில்லை. தலைவியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மற்ற நால்வரும் முடிவு செய்வார்கள்.

மூன்றாவது. நடந்துகொண்டிருக்கும் மனுவைப் பற்றி ஓர் உறுப்பினருக்கு யார் தனியாக எழுதினாலும் அது பொதுக்கோப்புக்குப் போக வேண்டும். கம்பெனி படிக்கலாம், பத்திரிகை படிக்கலாம், தெருவில் போகிறவரும் வந்து படிக்கலாம். விதி பதினான்கு. கம்பெனிக்காரர் என் காதோடு எதையும் சொல்லக்கூடாது என்றால், நீயும் சொல்லக்கூடாது அல்லவா?

நான்காவதற்கு விளக்கம் இல்லை. அத்தானுக்கு வணக்கம். ரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு உட்கார்.

உன் தம்பி

பிப்ரவரி 12

தம்பிக்கு,

அன்புள்ள என்று எழுதவில்லை, கவனித்தாயா? அத்தான் நலம். நான் நலமில்லை, காரணம் நீ.

உன் கடிதம் வந்து சேர்வதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. மகள் மேல்மாடியிலிருந்து முகம் வெளுத்துப்போய் இறங்கி வந்தாள்.

"அம்மா, உன் லெட்டர் பேப்பர்ல வந்திருக்கு."

"எந்த லெட்டர்டி?"

"மாமாவுக்கு எழுதினது. மாமியார் சத்தம் போட்டுப் படிச்சுட்டு இருக்காங்க."

நான் என்ன எழுதியிருந்தேன் என்று நினைவிருக்கிறதா? "கரெண்ட் போனால் இந்தக் கட்டடத்தில் எல்லாமே நின்றுவிடுகிறது, மேல்மாடியில் சம்பந்தியம்மாவின் வாய் தவிர." அது தம்பிக்கு எழுதிய வரி. நாடு படிக்க எழுதியதல்ல. என் மகள் அந்த வீட்டில்தான் வாழ்கிறாள். சம்பந்தி இப்போது படியில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறாள். மகள், "கொஞ்ச நாளைக்கு மேல வராதேம்மா" என்கிறாள். என் வீட்டுக் கூரைக்கு மேலே என் மகள் நடக்கிற சத்தம் கேட்கிறது. போய்ப் பார்க்க முடியவில்லை.

ஓட்டும் போயிற்று, மானமும் போயிற்று. கம்பெனிக்காரனே உன்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தாலும் அவனுக்கு இவ்வளவு உதவி செய்திருக்க மாட்டாய். வகுப்பில் மாணவர் பெயரைக் கூப்பிடவே வேர்த்துப்போன பேராசிரியனுக்கு இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது?

ஒன்று மட்டும் சொல். நீங்கள் ஐந்து பேரும் ஊரையெல்லாம் கேள்வி கேட்கிறீர்கள். உங்களை யார் கேட்பது? உன்மேல் புகார் கொடுக்க வேண்டும். முகவரியோடு எழுது.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தைப் படித்த அன்று மட்டும் சாப்பாடு இறங்கவில்லை. உனக்குத் தூக்கம் வருகிறதா? அத்தானுக்கு இருமல் குறைந்ததா?

நீ கோபத்தில் கேட்டாயா, உண்மையாகவே கேட்டாயா என்று யோசித்துப் பார்த்தேன். எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் முடிவு சட்டப்படி தவறு என்றால் மேல்முறையீட்டு மன்றம் இருக்கிறது. அது எங்கள் முடிவைத் தூக்கிப் போடலாம், போட்டும் இருக்கிறது. எங்கள் செலவைத் தணிக்கையாளர் பார்க்கிறார். ஓர் உறுப்பினரின் நடத்தை சரியில்லை என்றால் ஆணையத்துக்குள்ளேயே நடத்தைக் குழு இருக்கிறது. அதற்குத் தலைவன் நானாகப் போய்விட்டேன். ஆகவே உனக்கு அது உதவாது. எல்லாவற்றுக்கும் மேலே நாடாளுமன்றக் குழு. ஆண்டுக்கொரு முறை எங்களை எதிரே உட்காரவைத்து, ஒளிபரப்போடு, என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள் என்று கேட்கும். அதற்கு எந்தக் குடிமகனும் புகார் அனுப்பலாம்.

அமைச்சர் எங்களை நியமிப்பார், மறுபடி நியமிக்கவும் செய்வார். அரசின் பொதுக் கொள்கையை எங்களுக்கு வெளிப்படையாக எழுதவும் செய்யலாம். ஆனால் ஒரு மனுவை இப்படி முடி, அப்படி முடி என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குச் சந்தேகமில்லாத விஷயங்கள் எவ்வளவு குறைவு என்று உனக்குத் தெரியும்.

நாடாளுமன்றக் குழுவின் முகவரி கடைசியில் இருக்கிறது. மூன்று பிரதி அனுப்ப வேண்டும். கறுப்பு மையில் எழுதினால் நகல் தெளிவாக விழும். மனுவைப் பற்றி மட்டும் எனக்கு எதுவும் எழுதாதே. எழுதினால் அதுவும் கோப்புக்குப் போகும்.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உன் தம்பி

மார்ச் 4

தம்பிக்கு,

நலம், உன் நலத்துக்கும் குறை வேண்டாம். உன்மேல் புகார் அனுப்பிவிட்டேன். மூன்று பிரதி, கறுப்பு மை.

அத்தான் இப்போது நன்றாக இருக்கிறார்.

மனுவைப் பற்றி எழுதக்கூடாது என்றாய். ஆகவே செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நான் எழுதவில்லை.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம், மனசு நிலைகொள்ளவில்லை. "இப்போது நன்றாக இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "இப்போது" என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன் செய்யலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் நீ பேசுவாய், நான் தலையாட்டுவேன், அது உனக்குத் தெரியாது. அதோடு, நீ சொன்னால் நான் அதை எழுதிக் கோப்பில் வைக்க வேண்டிவரும். அத்தானின் மூச்சு மனுவின் பகுதியா, குடும்பத்தின் பகுதியா என்று இத்தனை படித்தும் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு சொல் எழுது, போதும்: நலம், அல்லது நலமில்லை.

உன் புகாரின் நகல் எனக்கு வந்தது. "என் தம்பி யோக்கியன், ஆனால் இங்கிதம் தெரியாதவன்" என்ற வரியின் இரண்டாம் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். பதில் எழுத வேண்டும் என்பதற்காக விதி பதினான்கை இன்று மறுபடி முழுவதும் படித்தேன். அதைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

விசாரணை உங்கள் ஊர் நகராட்சிக் கூடத்திலேயே நடக்கப்போகிறதாம். நான் வர மாட்டேன். வரக்கூடாது.

அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 31

தம்பிக்கு,

நலம். ஒரு சொல் கேட்டாய், முதலிலேயே கொடுத்துவிட்டேன். இனி கூடத்தில் எல்லார் முன்பாகவும் பேசியதை எழுதுகிறேன். அதெல்லாம் ஏற்கெனவே உன் கோப்பில் ஏறியிருக்கும், ஆகவே நீ நடுங்க வேண்டாம்.

மேடையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நாற்காலி காலி. கம்பெனி வக்கீல் எழுந்தார். தேய்த்த கோட்டு, தேன் தடவிய குரல்.

"அம்மா, இது நீங்க எழுதின லெட்டர்தானே?"

"ஆமா."

"'எல்லாமே நின்றுவிடுகிறது, சம்பந்தியம்மாவின் வாய் தவிர.' இவ்வளவு தமாஷா எழுதுறவங்க வீட்டுல உயிருக்கு ஆபத்துன்னு நாங்க நம்பணுமா?"

கூடம் சிரித்தது. மேடையில்கூட ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அந்த வாய் இங்கதான் இருக்கு."

தலைவி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"சம்பந்தி. மேல்மாடி. நான் பேசலாமா, இல்ல அதுக்கும் இணையதளத்துல பதியணுமா?"

"பேசுங்க."

"நாலு வாரத்துக்கு முன்ன ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லாம கொள்ளாம கரெண்ட் போச்சு. அண்ணனுக்கு மெஷின் நின்னுபோச்சு. உதடெல்லாம் நீலம். இவங்க அவரை நிமிர்த்திப் பிடிச்சிட்டு இருக்காங்க, போன் எடுக்கக் கை இல்ல. 'சம்பந்தி'ன்னு ஒரு குரல் மட்டும் கேட்டுச்சு. நான் ஜன்னல்ல நின்னு கத்தினேன். தெருக்கோடி மருந்துக்கடைக்காரர் காதுல விழுற வரைக்கும் கத்தினேன். அவர்தான் சிலிண்டரைத் தோள்ல போட்டுட்டு ஓடி வந்தாரு. என் வாய் நிக்கலதான். அது நின்னிருந்தா அண்ணன் இல்ல. உங்க இணையதளம் கத்துச்சா?"

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடிக்கப் போனேன். விலக்கிக்கொண்டாள். "அண்ணனுக்காகத்தான் பேசினேன். உங்களோட நான் இன்னும் பேசல."

முடிவு ஏப்ரல் கடைசிக்குள் வரும் என்று தலைவி அறிவித்தார். முழங்காலுக்கு எண்ணெய் தடவு.

அக்கா

மே 26

தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படியோ, சொல்ல ஆளில்லை.

ஏப்ரல் போயிற்று, மே போகப் போகிறது. முடிவு வராததற்கு ஆணையம் பதில் சொல்லட்டும். கடிதம் வராததற்கு நீ சொல். உடம்புக்கு ஏதாவதா? அதையும் கோப்பில் வைத்துவிட்டாவது எனக்கு எழுது, பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

மருந்துக்கடைக்காரர் ஒரு சிலிண்டரை எங்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் மின்விசிறி நிற்கும்போதெல்லாம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்.

அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். அத்தானைப் பற்றி நீ எழுதிய கடைசி வரியைப் பல தடவை படித்தேன். எல்லாம் வெளியே வந்துவிட்டதால் இப்போது எழுதலாம்.

ஏப்ரல் கடைசியில் அமைச்சரிடமிருந்து எங்கள் தலைவிக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் பத்தியில்: கம்பெனியில் அரசுக்கு உள்ள பங்கை விற்கும் பேச்சு நடக்கிறது, புதிய கட்டுப்பாடு விதித்தால் வாங்க வருகிறவர் தயங்குவார், ஆகவே இந்த மனுவின் முடிவைத் தள்ளிவையுங்கள். நடுவில் நலம் விசாரிப்பு. கடைசிப் பத்தியில்: "தங்கள் மறுநியமனக் கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது. நல்லபடியாக முடியும் என்று நம்புகிறேன்." தலைவியின் பதவிக்காலம் இந்த ஆண்டோடு முடிகிறது.

அவர் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். பயந்தார் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானாக இருந்தால் இழுப்பறையைப் பூட்டியும் இருப்பேன். மே கடைசியில் நடத்தைக் குழுவின் தலைவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார். செயலாளரும் அறையில் இருந்தார்.

"இதைப் பத்தி உங்ககிட்ட பேசலாமா?" என்றார் தலைவி.

"மனுவைப் பத்தி வேண்டாம் மேடம். கடிதத்தைப் பத்திப் பேசலாம்."

படித்தேன். மேசைமேல் வைத்து மறுபடி படித்தேன். "இது கோப்புக்குப் போகணும்" என்றேன்.

செயலாளர் பொறுமையாகச் சொன்னார்: "முதல் பத்தியை வைப்போம் சார். மீதி நலம் விசாரிப்புதானே? அதை எதுக்கு ஊருக்குக் காட்டணும்?"

"என் அக்கா கடிதத்துலயும் நலம் விசாரிப்பு இருந்தது. அது முழுசா கோப்புல இருக்கு."

"அவங்க உங்க அக்கா சார். இவர் அமைச்சர்."

"அதனாலதான் சொல்றேன்."

இதைச் சொன்ன குரல் என்னுடையதா என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. தலைவி சிரித்தார். கடிதத்தை எடுத்துச் செயலாளர் கையில் கொடுத்தார். "முழுசா வைங்க. கடைசிப் பத்தி நகல்ல மங்காமப் பாத்துக்கோங்க."

மறுநாளே பத்திரிகைகளில் வந்துவிட்டது. முடிவை இனித் தள்ளிவைப்பதற்கில்லை என்று தலைவி அறிவித்துவிட்டார். நாடாளுமன்றக் குழு அவரை அழைத்திருக்கிறது. உன் புகார் இருப்பதால் என்னையும்தான்.

முடிவு ஏன் தாமதமாகிறது என்று எனக்கே தெரியாமல் உனக்கு என்ன எழுதுவது? நான் இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கு அது பாதிக் காரணம்.

இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் தம்பி

ஜூன் 24

என் அருமைத் தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் நலம், நலம், நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

முடிவு வந்துவிட்டது! மூச்சு மெஷின் உள்ள வீடுகளுக்கு மின்தடைக்கு முன்பே போன் செய்ய வேண்டும். போன் எடுக்காவிட்டால் ஆள் வந்து கதவைத் தட்ட வேண்டும். தட்டினார்களா என்று ஆணையத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நால்வரில் மூவர் எங்கள் பக்கம். உன் ஓட்டு இல்லாமலே ஜெயித்தோம், கேட்டாயா? உன் ஓட்டால் ஜெயித்திருந்தால் கம்பெனி வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போயிருப்பான் என்று அத்தான் சொல்கிறார். இருக்கலாம்.

குழு விசாரணையை டிவியில் பார்த்தோம். சம்பந்தி இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்தாள். எங்கள் டிவி பெரிதாம், அதனால்தானாம். ஓர் உறுப்பினர் உங்கள் தலைவியிடம், "மறுநியமனம் அமைச்சர் கையில இருக்கும்போது நீங்க எப்படிச் சுதந்திரமா இருப்பீங்க?" என்று மடக்கினார். அந்த அம்மாள் அசரவில்லை. "அதை மாத்த வேண்டியது நீங்க. அது மாறுற வரைக்கும் எங்களுக்கு வர்றதையெல்லாம் கோப்புல வைப்போம்." சம்பந்தி கை தட்டினாள்.

நேற்று கதவைத் தட்டினார்கள். "கரெண்ட் கம்பெனிம்மா. நாளைக்குக் காலைல லைன் வேலை. சொல்லிட்டுப் போக வந்தேன்." நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து: "எத்தனை மணிக்குன்னு கேளுங்க சம்பந்தி! கையெழுத்து வாங்கிட்டுப் போகச் சொல்லுங்க!" சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டாள், பார். இன்று மகள் வீட்டுக்குப் போய் வந்தேன்.

உன் முறை வருவதற்குள் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். உன்னை என்ன கேட்டார்கள்? புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று குழுவுக்கு எழுதப்போகிறேன். சம்பந்தியிடமும் சொல்லிவிட்டேன்: "என் தம்பி வேணும்னு வெக்கல. முழுக் கடிதத்தையும் வெக்கணும்னு சட்டம்." அவளும், "சட்டம்னா அந்த மனுஷன்தான் என்ன பண்ணுவாரு" என்றாள்.

அத்தான் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். வா.

உன் அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கதவைத் தட்டினார்கள் என்ற வரியை உரக்கப் படித்தேன். வீட்டில் கேட்க ஆள் இல்லாவிட்டாலும் படித்தேன். அத்தானுக்கு இனி விசிறி நின்றால் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது என்று நம்புகிறேன்.

எங்கள் தலைவியின் கோப்பு இன்னும் அமைச்சர் மேசையில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது அந்த மேசையை எல்லாரும் பார்க்கிறார்கள். மறுநியமனத்தை அமைச்சர் கையிலிருந்து எடுக்கும் திருத்தத்தைக் குழு எழுதத் தொடங்கிவிட்டது. ஆணையம் நன்றாக இருக்கிறது, அக்கா. அதில் எனக்கு முன்பைவிட உறுதி.

குழு என்னை என்ன கேட்டது என்று கேட்டாய். ஒரே ஒரு காரியம்தான் செய்யச் சொன்னார்கள். "விதி பதினான்கை வாசியுங்கள்." எழுந்து நின்று வாசித்தேன். "உறுப்பினருக்கு வரும் தனிக் கடிதத்தில் மனுவோடு தொடர்புடைய பகுதி பொதுக்கோப்பில் சேர்க்கப்படும்." தொடர்புடைய பகுதி என்றுதான் இருக்கிறது. மார்ச் மாதம் உன் புகாருக்குப் பதில் எழுத உட்கார்ந்த அன்றே அதைப் பார்த்துவிட்டேன். அதற்கு முன், உன் கடிதம் வந்த அன்று, பாதி விதியைப் படித்ததுமே பதறிப்போய், எதையாவது மறைத்தேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று முழுவதையும் கொண்டுபோய் வைத்துவிட்டேன். தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்ல நா எழவில்லை. சென்ற கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட மீதிப் பாதிக் காரணம் இதுதான்.

இதனால் ஒரு நன்மை விளைந்ததே என்று நீ எனக்காக வாதாடுவாய்: உன் கடிதம் முழுதாக இருந்ததால்தானே அமைச்சர் கடிதமும் முழுதாகப் போயிற்று என்பாய். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். செல்லாது. தலைவியின் பதவியைப் பற்றிய அந்தக் கடைசிப் பத்தி மனுவோடு நன்றாகவே தொடர்புடையது. விதியைச் சரியாகப் படித்திருந்தாலும் அது கோப்புக்குப் போயிருக்கும். அதற்கு உன் சம்பந்தியைப் பற்றிய வரி தேவைப்படவில்லை.

ஆகவே புகாரை வாபஸ் வாங்காதே. அதில் நியாயம் இருக்கிறது. குழுவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், அது கோப்பிலும் ஏறிவிட்டது. அடுத்த வாரம் வருகிறேன். முதலில் மேல்மாடிக்குப் போய்ச் சம்பந்தியம்மாவிடம் நானே சொல்லிவிட்டு, பிறகு உங்கள் வீட்டுக்கு இறங்கி வருகிறேன். அதுவரை மாத்திரையை விடாதே, அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தில் மின்தடையைப் பற்றிய வரிகள் மட்டும் போதுமாயிருந்தன. பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிய நான்கு விஷயங்களில் மூன்றாவது தவறு, அக்கா.

உன் தம்பி